ஓடுகிற தண்ணீரை அடைத்தேன்

பங்குனி 3, செவ்வாய்

காலையிலேயே சிங்கவரம் மலைப்பாறை தகிக்கிறது. மிளகாய்க்குத் தண்ணீர். கரண்ட் போய்விடுமோ என்ற பயம் இவருக்கு எப்போதும். செடி நிற்கும் பாருக்கு நடுவே ஐந்தைந்து சாலாக, சால் வாயை அகல வெட்டித் திறந்துவிட்டார். மேட்டில் மண் அரித்து வேரெல்லாம் வெளியே. சால் முடிகிற கடைசித் துண்டு மட்டும் வழக்கம்போல தண்ணீர் எட்டாமல் காய்ச்சல்.

"அது தேறாது. சனிக்கெழம டிராக்டர் வருது, ஓட்டிப்புடலாம்."

அந்தத் துண்டு முழுக்க நான் நட்டது.

பதினொரு மணிக்குக் கரண்ட் கட். ஐந்து சாலில் தண்ணீர் பாதி தூரத்தில் நின்றது. அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது. அந்த ஐந்து மட்டும் கடைசிவரை ஓடின! கூடவே நடந்து பார்த்தேன். முதல் ஈரத்தில் மண் படிந்துவிட்டது. இரண்டாம் தண்ணீரை அதிகம் குடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

புதன்

இவரிடம் சொன்னேன்.

"கரண்ட்டு போனா நல்லதுன்றியா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

சிரிக்கட்டும்.

வேண்டியவை: பழைய யூரியா சாக்கு, பத்து. ரேஷனில் பருப்பு வந்ததா? தங்கைக்கு போன்.

வெள்ளி

இவர் செஞ்சி சந்தைக்கு. நல்லதாகப் போயிற்று.

மோட்டாரை நிறுத்தவில்லை, மடையை மட்டும் மாற்றினேன். ஐந்து சாலில் தண்ணீர் பாதி தூரம் போனதும் அடைப்பு. அடுத்த ஐந்து. மறுபடி முதல் ஐந்து. வாய் சின்னதாக, தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் சாக்கு.

பக்கத்து நிலத்துச் செல்வி அக்கா: "இன்னாடி, ஓடுற தண்ணிய அடைக்கிற? பித்து புடிச்சிருச்சா?"

"சாயங்காலம் வந்து பாருக்கா."

வந்து பார்த்தாள். சால் முடிகிற இடத்து மண்ணைக் காலால் அழுத்திவிட்டுப் போனாள்.

இருபது சாலும் கடைசிவரை ஈரம். தண்ணீரில் டீ நிறம் இல்லை, மண் மண்ணிலேயே இருக்கிறது. இடுப்பு ஒடிந்துவிட்டது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். இவர் வந்ததும் சொல்லவில்லை.

சனி

ஏழு மணிக்கே டிராக்டர். ஓட்டுகிற ஆள் கடைசித் துண்டில் இறங்கி நடந்தான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.

"இன்னாண்ணே, காஞ்சி கெடக்குதுன்ன? சேறா இருக்குது. வண்டி எறங்கினா பொதஞ்சிடும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் களை பறித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை, நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன்.

"வண்டிய எடுத்துக்கினு போப்பா."

பிறகு என் பக்கத்துச் சாலில் குனிந்து களை பறித்தபடி:

"அடுத்த தண்ணிக்குச் சாக்கு நான் போடறன். எப்ப அடைக்கணும்னு மட்டும் சொல்லு."