சாராள் அக்கா குடிக்காத கிண்ணம்

என் பிரியமுள்ள சாராள் அக்காவுக்கு,

இன்று திங்கள்கிழமை. ஆயர்களுக்கு ஓய்வு நாள் என்று பெயர். காலையிலிருந்து டீயாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு டம்ளரைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. கூட்டின வாசலையே மறுபடியும் கூட்டுகிறேன். என் வீட்டுக்காரர், "செத்த நேரம் உக்காரு, பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். உட்கார்ந்தால் உன்னோடு சண்டை போடத்தான் தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்று வருகிறது. கோபத்தில் வருகிறதா, பாசத்தில் வருகிறதா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை. அங்கே நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் உன் பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் சொல்வேன். பொறுத்துக்கொள்.

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற நம் சபைக்கு நான் மாற்றலாகி வந்த அன்று, வரவேற்பு மாலையை என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார்கள். பெண் ஆயர் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கை பழகின பக்கம்தான் போனது. அவர் பாவம், மாலையோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து உன் குரல்தான் முதலில் வந்தது. "மால ஆள் மாறிப் போச்சுய்யா. ஆயரு அந்தம்மா." சபை சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இந்த ஊரில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று.

மற்றவர்கள் இன்றைக்கும் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆயருடைய மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி. நீ மட்டும் 'ஆயரே' என்பாய். அதிலும் கொஞ்சம் கேலி இருக்கும்.

நம் சபையில் இரண்டு தெருக்காரர்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் கோயில் தெரு. ஓடைக்கு அந்தப் பக்கம் உங்கள் காலனி. திருவிருந்துக்குக் கூட்டம் கூட்டமாக முன்னால் வந்து முழங்கால் போடுவதைப் பந்தி என்போம். முதல் பந்தி கோயில் தெரு ஆண்கள், அடுத்தது அவர்கள் வீட்டுப் பெண்கள், கடைசியில் காலனி. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் ஒருநாளும் மாறியதில்லை. கிண்ணம் என்னவோ எல்லாருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். ஆனால் காலனி வாய் பட்ட பிறகு அது அந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டிய அவசியமே வராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

கொரோனா வந்தது. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினார்கள். கொரோனா போய்விட்டது, சின்னக் கிண்ணம் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் வந்தேன். இனிமேல் பந்தி பிரிக்க வேண்டாம், எல்லாரும் கலந்து வாருங்கள் என்று அறிவிப்புக் கொடுத்தேன். பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஒருவர் மறுக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்று மத்தியானம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ தோட்டத்துக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்றாய்.

"ரொம்பப் பெருமையா இருக்காக்கும் ஆயரே? அப்பப் பந்தியப் பிரிச்சு வச்சிருந்தாங்க. இப்பக் கிண்ணத்தப் பிரிச்சுட்டாங்க. அம்புட்டுத்தேன்."

சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது.

நீ இருபது வயதிலிருந்து திராட்சைத் தோட்டத்து வேலைக்காரி. கவாத்து, மருந்தடிப்பு, பறிப்பு எல்லாம் காலனிப் பெண்கள்தான். அந்தப் பன்னீர் திராட்சையை வாங்கித் திருவிருந்து ரசம் காய்ச்சுவது மட்டும் சபைச் செயலர் வீட்டில். அவர் மனைவி ரத்தினம்மாவுக்கு அவர் மாமியார் கொடுத்த உரிமை. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருநாள் நீ எழுந்து, நாங்கள் பறித்த பழத்தை நாங்கள் காய்ச்சினால் என்ன என்று கேட்டாய். ரத்தினம்மா கோபப்படவே இல்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார், அவ்வளவு இனிமையாக. நான் கூட்டத்துக்குத் தலைவி. அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றேன். திட்டினால் திருப்பித் திட்டலாம், கரிசனத்தை என்ன செய்வது?

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நீ சபைக் கமிட்டிக்கு வந்ததும் நினைவுக்கு வருகிறது. முதல் கூட்டத்தில் டீ கொண்டு வரச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் வெளியே இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். உன் அடக்கம் முடிந்து வந்த கூட்டத்தில் அந்த நாற்காலி சுவரோரம் போயிருந்தது. நான் போய் இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டேன். இப்போது அது காலியாக மேசையோரம் இருக்கிறது. யாரும் உட்காரவில்லை, யாரும் நகர்த்தவும் இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நீ திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது திருவிருந்து கொடுக்க வந்தேன். அப்பத்தை வாங்கிக்கொண்டாய். சின்னக் கிண்ணத்தை நீட்டியதும் வாயை மூடிக்கொண்டாய். தொண்டை வலியாக்கும் என்று நினைத்தேன். நீ மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய்.

"இதுல வேணாம். எல்லாரும் வாய் வச்ச கிண்ணத்துல என்னைக்குக் குடுக்கிறீகளோ, அன்னைக்கு வாங்கிக்கிறேன்."

விளையாடாதீங்க அக்கா என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாகக் கிடக்கும்போதும் இந்த வீம்பா? ஆண்டவரோடுமா கமிட்டிக் கூட்டம்? வீட்டுக்கு வந்து அழுதேன். மறுவாரம் நீ இல்லை.

பெரிய கிண்ணத்தையே துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தால் குடித்திருப்பாயா? மாட்டாய். கிண்ணம் பெரிசானால் போதுமா, மற்ற வாயெல்லாம் எங்கே என்று கேட்டிருப்பாய். உன்னிடம் இதுதான் தொந்தரவு. செத்த பிறகும் பதில் சொல்கிறாய்.

உன்னை அடக்கம் செய்த பிறகு கூடிய கமிட்டியில் சொன்னேன், வருகிற முதல் ஞாயிறிலிருந்து ஒரே கிண்ணம் என்று. செயலர் உடனே சுகாதாரம் என்றார். ஆத்தூர் ரோட்டு டீக்கடையில் ஒரே வாளித் தண்ணீரில் முக்கியெடுத்த கிளாஸில் தினமும் குடிக்கிறவர் அவர். அது நாக்கு நுனி வரை வந்தது. அக்கா, சொல்லியே விட்டேன். அதன் பிறகு கூட்டம் நடக்கவில்லை. ஒரே கிண்ணம், ரசமும் காலனியில்தான் என்று நானே முடிவு செய்தேன்.

ரசம் இந்த முறை உன் வீட்டு அடுப்பில். உன் மகள் ஷீபா மில்லில் லீவு போட்டாள். காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பழத்தைப் பிசைந்தார்கள். வடிகட்டும்போது ஒருத்தி, "சாராளு இருந்தா இந்நேரம் நம்மள ஒரு வழி பண்ணிருப்பா" என்றாள். ஷீபா சீனி டப்பாவோடு எழுந்து உள்ளே போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

நேற்று காலை வெள்ளிக் கிண்ணத்தை விளக்கி வைத்து, சபை முழுவதுக்கும் ஆகிற அளவுக்கு நிறைய ஊற்றினேன். வசனங்களை வாசித்தேன். அப்பமும் ரசமும் ஆயத்தம், வாருங்கள் என்றேன்.

முன்வரிசைகள் கோயில் தெருவுடையவை. ஒருவரும் எழவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடினார்கள். செயலர் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். அப்போது ஒரே ஒரு ஆள் எழுந்து வந்து முழங்கால் போட்டார், அன்றைக்குத் தப்பாக மாலை வாங்கிய மனிதர். முதல் பந்தியில் என் வீட்டுக்காரர் மட்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவருக்குப் பின்னால் கடைசி வரிசைகளிலிருந்து காலனி எழுந்து வந்தது. உன் ஷீபா குடித்தாள். பழத்தைப் பிசைந்த கைகள் எல்லாம் வந்தன.

திரும்பவும் அழைத்தேன். முன்வரிசை பாடிக்கொண்டே இருந்தது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி.

ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த ரசத்தைக் கொட்டக் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது, மீதியை ஆயர்தான் குடித்து முடிக்க வேண்டும். இது முறை. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் கிண்ணத்தோடு, அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்குள் போனேன். குடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வாயும் வராத ஒருவருடைய பங்கு என்று நினைத்தால் தொண்டையில் இறங்குமா?

கதவு திறந்தது. ரத்தினம்மா. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒத்த ஆளு இம்புட்டையும் குடிச்சா வயித்தக் கலக்கிரும். கொண்டாங்க."

இரண்டு கையையும் நீட்டினார். உங்கள் காலனி வாயெல்லாம் பட்ட கிண்ணம் அது. அவருக்கும் தெரியும். திருவிருந்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லித்தான் கொடுத்தேன். குடித்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"சீனி கூடிப்போச்சு. அடுத்த தடவ காய்ச்சுறப்ப என்னையவும் கூப்பிடச் சொல்லுங்க."

பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? நீ தனியாகக் குடிக்க மாட்டேன் என்றாய். அவர் தனியாக மட்டும் குடிக்கிறார். உன் கணக்கில் அது சேராது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் உன் வீட்டு அடுப்புக்கு வரத் துணிந்துவிட்டாரா, இல்லை காய்ச்சுகிற உரிமையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறாரா? அவருக்கே தெரியுமோ என்னவோ. சாயங்காலம் ஷீபாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உன் மகள்தான். "வரட்டும். எங்கம்மா பாத்திரம் பெருசுதான. ஆனா குடிக்கிறப்ப முன்னாடி வந்து குடிக்கணும்."

இன்று காலை மேலிடத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யாரோ நேற்றே சொல்லியிருக்கிறார்கள். சபையின் சமாதானம் முக்கியம் என்றார்கள், சின்னக் கிண்ணத்துக்கே போய்விடலாமே என்றார்கள். மலை மேலே சிறுமலையில் ஒரு சின்னச் சபைக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதையும் நடுவில் சொன்னார்கள், சும்மா தகவலுக்காக. மாற்றல் ஆர்டர் கைக்கு வரும் வரை இங்கே முதல் ஞாயிறு என்னுடையது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தைரியமாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பயமாகத்தான் இருக்கிறது. அங்கே பஸ்ஸும் குறைவு, பள்ளிக்கூடத்துக்கு இவர் எப்படிப் போய் வருவார்?

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அடுத்த மாதமும் கிண்ணத்தை இதே அளவுக்கு நிறைக்க ஊற்றுவேன். ஆள்தான் வரவில்லையே, பாதி போதும் என்று குறைக்க மாட்டேன். வராத ஒவ்வொருவருக்கும், செயலருக்கும் சேர்த்துத்தான் ஊற்றுவேன். மீதியை வெஸ்ட்ரிக்குள் கொண்டுபோய்க் குடிக்கவும் மாட்டேன். எல்லார் முன்னாலும் நின்று, மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பேன். கிண்ணம் காலியாகாமல், ஆராதனையை முடிக்கிற ஆசீர்வாதம் கூற மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வீட்டில் காத்திருக்க, ஆசீர்வாதம் வாங்காமல் எழுந்து போக நம் ஆட்களுக்கு மனசு வராது. உட்கார்ந்து பார்க்கட்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது எழுந்து வந்து எனக்கு உதவி செய்யட்டும்.

ரத்தினம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார். கிண்ணத்தை அந்தப் பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டே நிற்பேன். அவர் எழுந்து வந்தால் ஷீபாவுக்குப் பிறகு அவர், அவருக்குப் பிறகு மறுபடியும் காலனி என்று சுற்றி வரும். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தில் கடைசியாக ஒரு வாய் நிறுத்தி வைப்பேன். அதை நான் குடிக்கும்போது, நீ ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளாததை வாங்கிக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்வேன். மறுத்துவிடாதே.

அதுவரை உட்கார மாட்டேன்.

உன் தங்கச்சி,
ரெபேக்காள்