இறக்கை உரசிய காலை

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று ஒரு பஸ் பின்னால் வந்து இன்னொன்றின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டது. பெரிய சத்தமில்லை. தகரம் கிழிகிற மாதிரி ஓர் ஒலி. டிரைவர்கள் இறங்கி ஒருவர் வம்சத்தை மற்றவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தபடி நின்றேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த ஒலி எனக்குப் பழக்கம். உனக்கும்.

எறையூர்ப் பக்கம் கரும்புக்கு மருந்தடிக்க விமானங்கள் வந்த வருடம். தரிசு ஒன்றைச் சமப்படுத்தி, ரோலர் விட்டு, ஓடுபாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு சின்ன விமானங்கள். அதில் ஒன்றை ஓட்ட நீ வந்தாய். எங்கள் தெருக்காரன். பள்ளியில் என் தோளில் சாய்ந்து தூங்கியவன். எம்.ஏ. முடித்துச் சும்மா இருந்த என்னைக் கொடி பிடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நீதான். எதுவரை மருந்து விழுந்தது என்று மேலிருந்து தெரிய, வரப்பில் ஓர் ஆள் கொடியோடு நிற்க வேண்டும்.

"படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை மாப்ள. சும்மா நின்னா போதும்" என்றாய்.

அந்த விமானங்களுக்கு வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே இருப்பவனுக்கு எதிரே எஞ்சின் மூடி மட்டும் தெரியும், பாதை தெரியாது. ஆகவே தரையில் போகும்போது பாம்பு மாதிரி இடமும் வலமும் வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். "பறக்கறது சுலபம்டா. நடக்கறதுதான் கஷ்டம்" என்பாய்.

உன் அம்மா வந்த காலை. டிராக்டர் டிரெய்லரில், பாதித் தெருவோடு. சூடம், குங்குமம், இரண்டு எலுமிச்சம்பழம். சக்கரத்தில் பழம் நசுங்காமல் புது வண்டியை எடுப்பவர் நம் பக்கம் யார்?

"அத்தை, இது கம்பெனி வண்டி" என்றேன்.

"எவன் வண்டியா இருந்தா என்னடா? ஏறி ஒக்கார்றது எம்புள்ள."

சக்கரங்கள் உருளாமல் கட்டை வைத்திருந்தது. மூக்கில் சுழலும் விசிறிப் பக்கம் போகாதீர்கள் என்று மெக்கானிக் கத்தினார். அதனால் அத்தை பழங்களைச் சற்றுத் தள்ளி, சக்கரங்களுக்கு நேர் பார்த்து, ஒவ்வொன்றாக வைத்தாள்.

"வளைக்காம நேரா ஏத்து சாமி. ரெண்டும் நசுங்கணும்."

நீ தலையாட்டினாய். கட்டையை எடுத்தார்கள். நேராக ஓட்டினாய்.

மருந்தடித்துவிட்டுத் திரும்பிய இன்னொரு விமானம் அப்போதுதான் எதிரே, வலப்பக்கம் வந்து நின்றது. அதில் இருந்தவர் மெட்ராஸ்காரர், உனக்கு மூத்தவர், எல்லோருக்கும் கேப்டன். அவர் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியவில்லை. கத்தினோம். எஞ்சின் சத்தத்தில் எங்கள் கத்தல் எங்களுக்கே கேட்கவில்லை.

நடை வேகம்தான். உன் இறக்கை நுனி அவர் இறக்கை நுனியில் ஏறியது. தகரம் கிழிந்தது. பிறகு இரண்டு எஞ்சினும் நின்றன.

யாருக்கும் காயமில்லை. நுனிகள் மடங்கியிருந்தன, படித்த பக்கத்தை அடையாளத்துக்கு மடித்த மாதிரி.

கேப்டன் இறங்கி வந்தார். "ஏன்யா வளைக்கல?"

அவர் தரையைப் பார்த்தார். ஒரு பழம் நசுங்கிக் கிடந்தது. ஒன்று முழுசாக. அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஆபீசர் வருவார். ஊர்க்காரங்க பழத்த வெச்சுக் குழப்பிட்டாங்கன்னு சொல்லிடு. அதான் உண்மையும். இல்லேன்னா உன்னைப் பறக்க விடமாட்டாங்க."

டிரெய்லர் அருகே அத்தை, முந்தானையால் வாயைப் பொத்தியபடி. பறப்பதைத் தவிர உனக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை. அது எனக்குத் தெரியும். அவளுக்கும்.

மறுநாள் ஆபீசர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அத்தையும் வந்திருந்தாள், காது கேட்கும் தூரத்தில்.

"நான் பார்க்கல சார். வளைச்சு ஓட்டியிருக்கணும். ஓட்டல. தப்பு என்னோடது."

அவ்வளவுதான். பழம் என்ற சொல் உன் வாயில் வரவில்லை. கேப்டன் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவம் முழுக்க உனக்குப் பறக்கத் தடை. கேப்டனின் இறக்கை நுனியை ஒட்டி நடந்து, எதிலும் இடிக்காமல் கூட்டிப்போவது உன் வேலை. ஒடிந்துபோவாய் என்று நினைத்தேன். புழுதியில் சீட்டியடித்துக்கொண்டு நடந்தாய்.

"பொண்ணழைப்புக்குப் போற மாதிரி இருக்கு மாப்ள."

அடுத்த பருவம் மறுபடி ஏறினாய். அதற்கு அடுத்ததும். கொடியோடு அண்ணாந்து நின்ற என் தலையில் வேண்டுமென்றே மருந்து தூவினாய். மூன்று முழுக்குப் போட்டும் நாற்றம் போகவில்லை. அவ்வளவு சிரிப்பு உனக்கு.

வானத்தில் உனக்கு எதுவும் ஆகவில்லை. உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. வீட்டுக் கட்டிலில், பகலில். நீ ஆசைப்பட்டதைச் செய்துவிட்டுப் போனவன்.

போன வாரம் அத்தையைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகளிடம் உன் கதை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏரோப்ளேனும் ஏரோப்ளேனும் மோதிக்கிச்சு. எம்புள்ள மேல ஒரு கீறல் இல்ல. ஏன்? நான் வெச்ச பழம்! அது மட்டும் இல்லேன்னா..."

அந்தப் பெண் நம்பாமல் சிரித்தாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, நீயும்தான நின்ன. சொல்லேன் அவகிட்ட."

நீ இருந்தவரை இதற்குப் பதில் சொல்லும் வேலை உன்னுடையது. இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கனமாக இல்லை.

"ஆமாங்க. பழத்தாலதான்" என்றேன்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.