கார்டுக்காரரின் சம்மதம்

ஜூன் 3, செவ்வாய்

கார்டு ஒருவருடையது, தேவை இன்னொருவருடையது. மாதாமாதம் பணம் எடுக்கச் சம்மதிக்க வேண்டியவர் யார்? எனக்குத் தெரியவில்லை. வங்கி விதிக்குச் சந்தேகமே இல்லை: கார்டுக்காரர். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்காக நான் நிர்வாகம் பார்க்கும் இந்தப் பயிற்சி மையத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவது வெளிநாட்டு மாமன்மாரின் கார்டுதான். அங்கிருந்து அவர்கள் போனில் ஓடிபி சொல்வார்கள், இங்கே தங்கைமார் பதிவார்கள். தக்கலையில் இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை.

ஜூன் 5

பணம் எடுக்கும் முன் கார்டுக்காரருக்கே தகவல் போக வேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் எடுக்கும் வசதியை வங்கி நிறுத்திவிடுமாம். உட்கார்ந்து, தகவல் போகும் போன் எண்களை மாற்றினேன். இனயத்திலிருந்து பையனைக் கூட்டிவரும் ஜினியின் எண்ணை எடுத்துவிட்டு, மஸ்கட்டிலிருக்கும் அவள் அண்ணன் பெனினின் எண். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

எல்லாம் விதிப்படி. மழை.

ஜூன் 17

ஜினி வந்தாள், பையன் இல்லாமல்.

"என்ன மேடம் இப்பிடிச் செஞ்சிட்டிய?"

பெனின் தன் தங்கை மகனுக்குக் கட்டுவது அவன் மனைவிக்குத் தெரியாதாம். தகவல் வந்தபோது போன் அவள் கையில்.

"'இன்னும் எத்தன வீட்டுக்கு மாசச் சம்பளம் குடுக்குதிய'ன்னு கேட்டாளாம். இவன், எனக்கொண்ணும் தெரியாது, கார்டு நம்பர எடுத்துப் போட்டது ஜினிதான்னு சொல்லிட்டான். கூடப்பிறந்தவன் மேடம்! நான் கள்ளியா?"

ஓடிபி சொன்னது அவன்தானே என்றேன்.

"போன்ல சொன்னதுக்கு யாரு சாட்சி? நீங்களா?"

ஜூன் 30

வங்கி வழியாகப் பெனினின் மறுப்பு வந்துவிட்டது. சம்மதத்துக்குச் சான்று கேட்கிறார்கள். படிவத்தில் இருப்பது ஜினியின் கையெழுத்து. பணம் போகட்டும். பையன் இப்போதுதான் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். இப்போது நின்றால்—

ஒரு போன். எண்ணை மாற்றும் முன் ஜினியைக் கூப்பிட்டிருந்தால் அவள் அண்ணனிடம் சொல்லியிருப்பாள், அவனும் வீட்டில் எப்படியாவது சமாளித்திருப்பான். எந்த விதி என்னைத் தடுத்தது? ஆட்களைக் கூப்பிட்டுப் பேச எனக்கு வராது. அவ்வளவுதான். என்ன படிச்சு என்ன.

நாளை கூப்பிட வேண்டும். கட்டணம் வேண்டாம், பையனைக் கூட்டிக்கொண்டு வா என்று.

ஜூலை 1

கூப்பிட்டேன். சொன்னேன்.

"வேண்டாம் மேடம். சும்மா வந்தா, அண்ணன் பொண்டாட்டி சொன்னது சரின்னு ஆயிரும். வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு, ஜினி பையனின் நேரத்தில், வேறொரு குழந்தை உள்ளே போயிற்று. அதன் தாய் படிவத்தில் கார்டு எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன். துபாயிலிருக்கும் கொழுந்தனுடையதாம்.

"அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?"

அவள் பேனாவை நிறுத்திவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள்.