முகவரிப் பக்கம்

வீடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கவே இப்போது தயக்கமாக இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கப் போய்த்தான் இவ்வளவும் ஆயிற்று.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் பிரிக்கப்படாமலே என்னிடம் திரும்பி வந்தன. இதுவும் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாலு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டார், சொல்வதில் மட்டும் அவர் குறை வைப்பதே இல்லை. உன் அறையில் அம்மா பழைய துணிப்பெட்டிகளை அடுக்கியிருந்தாள். நான் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். நீ வந்தால் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் வேண்டுமே.

என் போனிலிருந்து அந்தப் போட்டோ செயலியை உன் அண்ணன் எடுத்துவிட்டான். நானே எடுக்கச் சொன்னேன். இப்போது குடும்பக் குழு ஒன்றில்தான் இருக்கிறேன், அதிலும் நீ இல்லை. அங்கேயும் எனக்கு நல்ல பெயர் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் நான் முற்றுப்புள்ளி வைப்பது கோபத்தில் பேசுவது போல இருக்கிறதாம். 'சரி' என்று எழுதிப் புள்ளி வைத்தால், மாமா முறைத்துக்கொண்டார் என்று உன் அண்ணி பயப்படுகிறாளாம். கூடவே ஒரு பொம்மை முகம் போடுங்கள் என்கிறான் அண்ணன். வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தேன். அதில் என் முகம் ஒன்றுகூட இல்லை.

நடந்ததை நீ என் வாயால் கேட்கவே இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் போனில், "எல்லாரோட அப்பாவும் போட்டோவுக்குக் கீழ ஏதாவது எழுதுறாங்க. நீங்க மட்டும் பார்த்துட்டுப் பேசாம போயிடுறீங்க" என்று குறைப்பட்டாய். உன் குரலில் பழைய செல்லம் திரும்பியது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் அந்தப் படம் வந்தது. காகிதக் கிரீடம் வைத்த பதினாறு குழந்தைகள், நடுவில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க நீ. சிரித்துக்கொண்டிருந்தாய். அது நீ பாடம் சொல்லித்தந்த பள்ளியின் பக்கம் என்று மேலே பெரிதாக எழுதியிருந்ததாம். நான் உன்னை மட்டும்தான் பார்த்தேன். உட்கார்ந்து எழுதினேன். 'அன்புள்ள முட்டைக்கண்ணிக்கு, நலமா? டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? கை நடுக்கம் குறைந்ததா? மூன்று வாரம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தது பள்ளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாயே, நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தைரியமாக இரு. இப்படிக்கு, அப்பா.' ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

முப்பத்தொரு வருஷம் தபால் பிரிக்கும் அறையில் நின்றவன் நான். கார்டுகள் திறந்தபடிதான் வரும். யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் எங்கள் மேஜையில் மல்லாந்து கிடக்கும். நாங்கள் முகவரிப் பக்கத்தை மட்டும் பார்த்து அந்தந்த அறைப்பெட்டியில் போட்டுவிடுவோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு கார்டைத் திருப்பிப் படித்துச் சிரித்தார். எங்கள் மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. "அதுல உன் பேர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலைக்குள் அந்த ஆளை மூட்டை இறக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்கு. உன் செல்லப் பெயரை மேலே போட்டேன், ஆகவே அது உனக்கு என்று நினைத்தேன். வேறு பெயர்க்காரர்கள் கடந்து போய்விடுவார்கள் என்று நம்பினேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு அசடாக இருக்க முடியுமா என்று நீ கேட்கலாம். முடிகிறது.

இதற்கு மேல் நான் செய்ததுதான் இன்னும் மோசம். கொஞ்ச நேரத்தில் யார் யாரோ இதயம் போட்டார்கள், கை கூப்பினார்கள். உன் மேல் எத்தனை பேருக்கு அக்கறை என்று மனம் குளிர்ந்து போயிற்று. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லையே. ஒவ்வொருவருக்கும் 'மிக்க நன்றி, நலமாக இருக்கவும்' என்று எழுதினேன். ஒரு பெண், "எதுக்காக அட்மிட் பண்ணாங்க அங்கிள்? இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். உன் தோழி என்று எண்ணி விவரமாகப் பதில் சொன்னேன். அவள் உன் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன்தான் கூப்பிட்டான். "அப்பா, முதல்ல அதை அழிங்க" என்றான். எனக்கு அழிக்கத் தெரியவில்லை. அவன் போனில் சொல்லச் சொல்ல, பதற்றத்தில் வேறு எதையோ அமுக்கினேன். பதறிப் போய், என் மகளுக்கு ஒன்றுமே இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார், யாரும் பயப்பட வேண்டாம் என்று அதன் கீழேயே இன்னொன்றும் எழுதினேன். அதுவரை பயப்படாதவர்களும் அதைப் படித்துத்தான் பயந்தார்கள் என்று அண்ணன் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை.

திங்கட்கிழமை உன்னை வகுப்புக்குள் விடாமல், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று தலைமை ஆசிரியை அனுப்பிவிட்டதை அம்மா சொன்னாள். அந்தக் கொஞ்ச நாள் ஏழு மாதம் ஆகிவிட்டது. இப்போது ஏதோ கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிறாயாம். நான் பார்த்த வேலையைப் பார்க்கத்தானா உன்னை அவ்வளவு படிக்க வைத்தேன்? பதினாறு குழந்தைகளில் யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது வரை தெரிந்து வைத்திருந்தவள் நீ.

ஆஸ்பத்திரிக்குப் போனது வெட்கப்படும் காரியம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை வெளியில் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். உலகத்தில் என் ஒருவன் கையில்தான் அதைக் கொடுத்து வைத்தாய். அம்மாவுக்குக்கூட அப்போது தெரியாது. நான் அதைத் தெருவில் கொட்டிவிட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. தெரியாத ஆள் தெரியாத இடத்தில் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

நீ கூப்பிடும்போது அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு குழாயையும் திறந்து விடுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. நீ சொல்லித்தான் செய்கிறாள் என்று தெரியும். குறை சொல்லவில்லை. வெளியே வந்ததும் "நல்லாத்தான் இருக்கா" என்பாள். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

ஆனால் எனக்கு வேறொரு வழியில் செய்தி வந்துவிடுகிறது. முதல் கடிதம் திரும்பி வந்தபோது உறையின் மேல் 'பெற விருப்பமில்லை, அனுப்பியவருக்கே' என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்தே. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின, 'ரு' வரிக்குக் கீழே இறங்கியிருந்தது. மாத்திரை இன்னும் கையை ஆட்டுகிறது என்று புரிந்தது. இரண்டாவது உறையில் அதே வரி நேராக இருந்தது. நன்றாக அழுத்தி எழுதியிருந்தாய். அதை மூக்குக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். என் மகளுக்குக் கை தேறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முட்டைக்கண்ணி என்று இந்தக் கடிதத்தின் தலைப்பில் எழுதவில்லை. நான் அங்கே எழுதியதைப் படித்துவிட்டு, கிடங்கிலும் யாராவது உன்னை அப்படிக் கேலி செய்கிறார்களோ என்னவோ. அந்தப் பெயரை இனி நீ அனுமதித்தால்தான் எழுதுவேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாயில்லை. நீ இதைப் பிரிக்காவிட்டால் இந்த வரியும் உன்னிடம் வந்து சேராது, அதுவும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த உறையைத் திருப்பி அனுப்பும்போது தபால்காரரிடம் சொல்லி அவர் கையால் எழுத வைத்துவிடாதே அம்மா. நீயே எழுது. உன் முகவரியை உறையின் வலது ஓரத்தில் பொடியாக எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் முழுக்க உனக்காக விட்டிருக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, நல்ல உறக்கத்தோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
திரும்பி வரும் உறைக்காகக் காத்திருக்கும்
அப்பா