கிணற்று அதிகாரத்துக்கு ஷுலானின் உரை

நான்ஜிங்
தாவ்குவாங் பேரரசரின் 17ஆம் ஆண்டு, எட்டாம் மாதம் 17

அன்புள்ள ஷுலானுக்கு,

அரசுத் தேர்வு நேற்று முடிந்தது. உடம்புதான் ஓய்ந்திருக்கிறது. இரண்டாம் சுற்றில், மாற்றங்களைப் பேசும் அந்தப் பழைய குறிநூலிலிருந்து கிணற்று அதிகாரம் வந்தது. கயிறு எட்டும் முன் பானை உடைந்தால் கேடு என்ற இடம். கிணறு அரசரின் அருள், பானையை உடைத்தவன் அற்பன் என்பது அரசு ஏற்ற உரை. அதை எழுதத்தான் மை அரைத்தேன். ஆனால் நான் அதை மனப்பாடம் செய்த அன்று, இடுப்பில் குடத்தோடு நின்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது. "பானைய ஏன் வையிறாங்க? எட்டாத கயித்தக் குடுத்தது யாரு?" எட்டாத கயிறு அதிகாரிகளே என்று எழுதிவிட்டேன்.

உன் யான்பிங்

சாங்ஷு, ஒன்பதாம் மாதம் 2

என் வீட்டுக்காரருக்கு ஷுலான் வணங்கி எழுதுவது.

உங்களுக்கு என் வாய்தானா கிடைத்தது? இடுப்பு வலியில் சொன்னதைக் கொண்டுபோய் அங்கே எழுதுவார்களா? மூன்றாவது முறையும் தேறாவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு உப்புக்கடையில் உட்கார வேண்டும் என்று மாமா சொல்லியிருப்பதை மறந்துவிட்டீர்களா? பயமாக இருக்கிறது. ஆனாலும் இன்று கிணற்றடியில் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நின்றேன்.

ஷுலான்

நான்ஜிங், ஒன்பதாம் மாதம் 16

அன்புள்ள ஷுலானுக்கு,

பட்டியலில் என் பெயர் இல்லை. தேறாதவர்களுக்குத் திருப்பித் தரும் விடைத்தாளை வாங்கினேன். "உரைக்கு மாறானது, ஏற்பதற்கில்லை. ஆயினும் இவர் தண்ணீர் இறைத்தவர்" என்று தேர்வாளர் குறித்திருக்கிறார். விடுதி நண்பர்கள் சிரித்து, "நீ எப்பய்யா கயிறு புடிச்ச?" என்று சீண்டினார்கள். "புடிச்சது என் பொண்டாட்டி. உரையும் அவளோடதுதான்" என்றேன். எனக்கு வருத்தமில்லை, பெருமையாக இருக்கிறது. தாளை அனுப்புகிறேன், அப்பாவிடம் கொடு.

யான்பிங்

சாங்ஷு, ஒன்பதாம் மாதம் 25

என் வீட்டுக்காரருக்கு,

மாமா தாளை இரண்டு முறை படித்தார். உங்களுக்கு உப்புக்கடைதான், அதில் மாற்றமில்லை. இது யார் சொன்ன பொருள் என்று கேட்டார். நான்தான் என்றேன். சாப்பிட்டு முடித்தார். பிறகு, நீங்கள் மனப்பாடம் செய்த, நான் துடைக்க மட்டுமே தொட்ட அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

"அடுத்த அதிகாரத்துக்கு நீ என்ன சொல்ற?"

சொன்னேன். தப்பு என்றார். இல்லை மாமா என்றேன். விளக்கில் இரண்டு முறை எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மியாவ் ஷுலான்