பத்திரத்தில் இரண்டு பெயர்

வெண்டல்,

மக்ரோனி ஓவனில் இருக்கிறது. நேற்று நீ, "கடனும் உன் பேர்ல, வீடும் உன் பேர்ல. அப்போ நான் யாரு, வாடகைக்கு இருக்கறவனா?" என்று கேட்டாய்.

உன் டயர் கடை திவாலானதை வங்கி இன்னும் மறக்கவில்லை. உன்னையும் சேர்த்தால் கடன் கிடைக்காது. ஆனால் பத்திரத்தில் உன் பெயரையும் போடலாமாம். காலையில்தான் வங்கியில் சொன்னார்கள். மூன்று மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து. ஓட்டுநர் உரிமத்தோடு வா. டுலூத் பாலத்தில் பனி உறைந்திருக்கிறது, மெதுவாக ஓட்டு.

லொரெட்டா

நாய் சாப்பிட்டுவிட்டது. பட்டினி கிடப்பதுபோல் பார்க்கும், நம்பாதே.

இன்னொன்று: நீ வராமல் நான் பேனாவைத் தொட மாட்டேன்.