மூலைக்கு மூண்டு பூச்சு

இஞ்சேருங்கோ,

ஓல்டனிலை நாங்கள் இருந்த நகரசபை மாடிக் கட்டிடத்தைத் திருத்துகினம். இந்த ஊரிலை பதிஞ்ச ஆறு பேரையாவது வேலைக்கு எடுக்கவேணும் எண்டு கொந்திராத்துக்காரருக்கு நகரசபை விதி போட்டிருக்கு.

வேலைக்குப் போம் நிரப்பேக்கை, எல்லாப் போமிலையும் எழுதுற மாதிரிக் கை தன்ரபாட்டிலை ‘கிளீனிங்’ எண்டு எழுதிப்போட்டுது. அதை வெட்டி ‘பெயின்ற்’ எண்டு எழுதினன். நான் அதுக்குப் படிக்கேக்கை நீங்கள் சிரிச்சனீங்கள். வேலை கிடைச்சிட்டுது.

என்னை விட்டிட்டுப் போகேக்கை, வீட்டைக் குடுத்திட்டு லோசானிலை இருக்கிற உன்ரை தங்கச்சியோடை போய் இரு எண்டனீங்கள். போயிருந்தால் ஊர்ப் பதிவோடை இந்த வேலையும் போயிருக்கும்.

முதல் அடிச்சது எங்கட ஹோல். உங்கட சிகரெட் புகை படிஞ்ச மூலைக்கு மட்டும் மூண்டு பூச்சுத் தேவைப்பட்டுது. இப்ப ஒண்டும் தெரியேல்லை.

இந்த வீட்டிலை எத்தினை பேர் எண்டு பொறுப்பாளர் கேட்டார்.

ஒராள் எண்டன்.

இப்படிக்கு,
பெயின்ற்காரி